வேலையில் இருந்தபடியே எம்.எஸ்சி. படிக்கலாமா? ஊத்தங்கரை வாசகிக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஊத்தங்கரைக்கு அருகில் உள்ள கிராமத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலும், அதன் பிறகு திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்தைத் தமிழ் வழியிலும் படித்து, 61 விழுக்காடு மதிப்பெண் பெற்றேன். மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. இரண்டு ஆண்டுகளாக ஓசூரில் விடுதியில் தங்கி, ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். இந்த ஆண்டு கிருஷ்ணகிரியில் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேலையை விட வீட்டில் சம்மதமில்லை. தெரிந்தவர் ஒருவர், ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தால் மாதத்துக்கு நான்கு நாள் வந்தால் போதும், வருகைப்பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். பி.எட்.டையும் இதே இரண்டு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்றும் சொல்கிறார். மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக வேண்டும், முடிந்தால் கல்லூரியில் பணியாற்ற வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த ஆண்டு திருமணம் செய்துவைக்கப் பேசுகிறார்கள். நடுவில் படிப்பு நின்றால் என்ன ஆகும்? தொலைநிலைக் கல்விக்கு மதிப்பு உண்டா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, வணக்கம்.

ஒவ்வொரு கேள்விக்கும் விரிவாக விடை சொல்வதற்கு முன், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு நான்கு நாள் வந்தால் போதும் என்று சொல்லும் கல்லூரியில் சேர வேண்டாம். பி.எட். படிப்பை எம்.எஸ்சி.யோடு ஒட்டவைக்க வேண்டாம். வேலையை விட முடியுமானால், கிருஷ்ணகிரியில் கிடைத்திருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; முடியாதென்றால், அந்த இடத்தைக் காத்திருக்கும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு பெற்ற தொலைநிலைப் படிப்பில் சேருங்கள். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நீங்கள் விரும்பும் பணிக்குப் போக முடியும்.

முதுநிலைப் படிப்பைச் சுற்றி இருக்கும் விதிகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். மீறினாலோ தவறவிட்டாலோ பிறகு பணத்தையும் காலத்தையும் செலவழித்துச் சரிசெய்துகொள்ளக்கூடியவை ஒரு வகை; எவ்வளவு செலவழித்தாலும் பின்னால் சரிசெய்ய முடியாதவை இன்னொரு வகை. மாணவர்களின் அச்சமெல்லாம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதித் தேறிவிடலாம். கட்டணம் கட்டும் தேதி தவறினால் அபராதத்தோடு கட்டிவிடலாம். ஆனால் எந்தக் காலத்தில், எந்த முறையில், வேறு எந்தப் படிப்போடும் வேலையோடும் சேர்த்து ஒரு பட்டத்தைப் படித்தீர்கள் என்பது ஆவணங்களில் பதிந்த பிறகு அதை யாராலும் மாற்றி எழுத முடியாது. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் யோசனை இந்த இரண்டாம் வகையில்தான் கை வைக்கிறது.

வருகைப்பதிவிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி இதுதான்: ஒரு செமஸ்டரில் 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 விழுக்காடு வரை இருந்தால், தக்க காரணம் காட்டி, துறைத்தலைவர் மற்றும் முதல்வரின் பரிந்துரையோடு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டனேஷன் கட்டணம் செலுத்தி எழுதலாம். 50 முதல் 64 வரை இருப்பவர் அந்த செமஸ்டர் தேர்வை அப்போது எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்குப் போய், அந்தத் தேர்வுகளோடு சேர்த்துத்தான் எழுத முடியும். 50-க்கும் கீழே போனால், அந்த செமஸ்டரையே மீண்டும் படிக்க வேண்டும். நிபந்தனைகளும் கட்டணமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய விதிமுறைத் தொகுப்பைத் துறையில் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை ஒரு முறை நீங்களே படித்துவிடுங்கள். முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விழுக்காட்டை நாள் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள்கள் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 68 நாள்கள் வகுப்பில் இருக்க வேண்டும். 22 நாள்கள் மட்டுமே விடுப்பு எடுக்கலாம். காய்ச்சல், ஊர்த் திருவிழா, உறவினர் திருமணம், பேருந்து ஓடாத நாள் எல்லாம் இந்த 22-க்குள்தான் அடங்க வேண்டும். மாதத்துக்கு நான்கு நாள் என்றால் ஒரு செமஸ்டருக்கு 20 நாள்கூடத் தேறாது. அதாவது கால் பங்குக்கும் குறைவு. அப்படி வந்தவரை 75 விழுக்காடு வந்ததாகக் காட்ட வேண்டுமென்றால், வராத ஐம்பது நாள்களுக்கு யாரோ ஒருவர் பொய்யாகப் பதிவு செய்ய வேண்டும். ‘பார்த்துக்கொள்வார்கள்’ என்று உங்கள் தெரிந்தவர் சொல்வதன் பொருள் அதுதான்.

பிடிபட்டால் கல்லூரிக்குத்தானே சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில் வருங்கால வைப்பு நிதி செலுத்தப்படுகிறது, யு.ஏ.என். எனப்படும் உங்கள் வைப்பு நிதி எண்ணின் கணக்கில் அது மாதவாரியாகப் பதிவாகிறது. அதே மாதங்களில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லூரியில் முழுநேர மாணவியாக நாள்தோறும் வகுப்பில் இருந்ததாக இன்னொரு பதிவு சொல்லும். அரசுப் பணியில் சேர்பவர்களின் சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று பெறும் நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து, பணியில் சேர்ந்த பிறகுகூட ஒரு புகார்க் கடிதம் வந்தால், இந்த இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது. வேலையில் இருப்பவர் முழுநேரப் படிப்பில் சேர்ந்ததற்கு விளக்கம் தர முடியும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்ததற்கு விளக்கமே தர முடியாது. கல்லூரிக்கு அபராதம் விதித்தாலோ அதன் அனுமதி பறிபோனாலோ அது வேறு பெயரில்கூட நடந்துகொண்டிருக்கும். உங்கள் பட்டத்துக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லப்போனால் இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எம்.எஸ்சி. கணிதத்தில் முதல் செமஸ்டரிலேயே இயற்கணிதமும் மெய்ப்பகுப்பாய்வும் வந்துவிடும். இவை கைடு புத்தகத்தை வைத்துத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்யக்கூடிய பாடங்கள் அல்ல. நம் பக்கத்துக் கல்லூரிகளின் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும். இளநிலையில் 40 எடுத்தால் போதும் என்று பழகியவர்கள் இந்த மாற்றத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். நான்கு நாள் கல்லூரியில் இன்டர்னலுக்கு 24 போட்டுக் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாளை யாரும் உங்களுக்காக எழுதித் தர மாட்டார்கள். அதையும் எப்படியோ கடந்துவிட்டாலும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் உட்காரும்போது அந்த இரண்டு ஆண்டுகளின் வெறுமை தெரிந்துவிடும்.

ஷிப்ட் வேலையை வைத்துக்கொண்டு, அரசுக் கல்லூரிக்கும் நேர்மையாக வந்துபோக முடியுமா என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். காலை அல்லது மதிய சுழற்சி வகுப்புக்கு ஏற்ற மாதிரி எப்போதும் இரவு ஷிப்ட் மட்டுமே கொடுக்க நிறுவனம் எழுத்துமூலம் ஒத்துக்கொண்டால், ஏட்டளவில் முடியும். நடைமுறையில், இரவு முழுதும் நின்று வேலை செய்துவிட்டு, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் வந்து, தேற்றங்களுக்கு நிறுவல் எழுதும் வகுப்பில் விழித்திருப்பது என்பது ஒரு மாதத்துக்கு மேல் யாராலும் தாங்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. தொழிற்சாலைகளில் ஷிப்ட் வாரா வாரம் மாறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வீட்டாரிடம் பேசும்போது, அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு என்பதையும், கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை கிடைக்கும் என்பதையும், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் அஞ்சுவது படிப்புச் செலவுக்காக அல்ல, நின்றுபோகும் உங்கள் சம்பளத்துக்காக என்றால், அதற்கு என்னிடம் விடை இல்லை. அது குடும்பக் கணக்கு, நீங்கள்தான் பார்க்க வேண்டும். அப்படியொரு நிலைமை இருந்தால் தொலைநிலையை எந்தத் தயக்கமும் இல்லாமல் தேர்ந்துகொள்ளுங்கள்.

தொலைநிலைக் கல்வியை நம் ஊரில் இன்னும் இரண்டாம் தரமாகப் பேசுவார்கள். சட்டநிலை அப்படி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஏற்பு பெற்ற நிறுவனம் ஏற்பு பெற்ற பாடத்தில் தொலைநிலை வழியாகவோ இணையவழியாகவோ வழங்கும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்கு இணையானது. இதில் ‘ஏற்பு பெற்ற’ என்ற நிபந்தனை நிறுவனத்துக்கும் தனி, பாடத்துக்கும் தனி, கல்வியாண்டுக்கும் தனி. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்.ஏ. தமிழுக்கு அனுமதி இருக்கும், எம்.எஸ்சி. கணிதத்துக்கு இல்லாமல் இருக்கலாம்; போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) இந்தப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் உங்கள் பாடத்தின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். படிப்பு மையம் நடத்துபவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். 2024-25 முதல், தொலைநிலையிலும் இணையவழியிலும் சேர்பவர்கள் மானியக் குழுவின் தளத்தில் டி.இ.பி. அடையாள எண் பெற வேண்டும்; அதற்கு ஏ.பி.சி. எனப்படும் கல்வி கிரெடிட் வங்கிக் கணக்கு எண் தேவைப்படும். இந்த எண்ணை உங்கள் ஆதாரைக் கொண்டு நீங்களே எடுத்துவிடலாம், யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் நடக்கிறது: ஜூலை ஒட்டி ஒன்று, ஜனவரி ஒட்டி ஒன்று. ஆகவே இந்தப் பருவம் தவறினால் ஓராண்டு போய்விடும் என்ற அவசரமும் உங்களுக்கு இல்லை.

கணிதத்துக்கு ஆய்வகம் தேவையில்லை என்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு வாய்த்த நல்லது. வேதியியல் படித்த உங்கள் தோழி இதே கேள்வியைக் கேட்டிருந்தால், கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அதே நேரத்தில், கணிதம் கடினம், தொலைநிலையில் எம்.ஏ.வில் வேறு எளிய பாடம் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் செவிசாய்க்க வேண்டாம். முதுநிலை ஆசிரியர் பணிக்கான அறிவிக்கைகளில், இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ இணையானதென அரசு ஏற்ற பாடத்திலோ இருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. கிராஸ் மேஜர் என்று சொல்லப்படும் அந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, இரண்டாவது முறையாக ஒரு பட்டம் படிப்பவர்கள் நம் பக்கத்து மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

அடுத்தது பி.எட். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று மானியக் குழு 2022 ஏப்ரலில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது உண்மை. அதன்படி, வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாவிட்டால் இரண்டு முழுநேரப் படிப்புகள், அல்லது ஒன்று முழுநேரமும் மற்றது தொலைநிலையும், அல்லது இரண்டுமே தொலைநிலையில் படிக்கலாம்; முனைவர் பட்டத்துக்கு இது பொருந்தாது. உங்கள் தெரிந்தவர் இந்த அளவுக்குத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். அதே நெறிமுறையில், தொழிற்படிப்புகள் அந்தந்த ஒழுங்குமுறை அமைப்பின் விதிகளுக்கும் உட்பட்டவை என்று சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. பி.எட்.டுக்கு அந்த அமைப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழு. அதன் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டு படிப்பு. ஆண்டுக்குச் சேர்க்கையும் தேர்வும் நீங்கலாக 200 வேலை நாள்கள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். இதையும் முழுநேர எம்.எஸ்சி.யையும் பகல் நேரத்தில் மோதாமல் வைக்க வழியே இல்லை. பி.எட்.டைக் கல்லூரிக்குப் போயும் எம்.எஸ்சி.யைத் தொலைநிலையிலும் படிப்பது நெறிமுறைக்குள் அடங்கும். ஆனால் அப்போதும் ஓசூர் வேலையை நீங்கள் விட்டாக வேண்டும். வேலையை விடத் தயார் என்றால், முழுநேர எம்.எஸ்சி.யையே படித்துவிட்டு, அதன் பிறகு பி.எட். படிப்பது மேல் என்பது என் கருத்து. முதுநிலை ஆசிரியருக்கு இரண்டும் வேண்டும்தான், ஆனால் இரண்டையும் ஒரே ஆண்டில் முடித்தவருக்கு வாரியம் கூடுதல் மதிப்பெண் எதுவும் தருவதில்லை. இரண்டு ஆண்டு மிச்சம் என்று நினைத்துச் செய்வது, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் மேசைக்கு எதிரே நின்று விளக்கம் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிடக் கூடும்.

மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கல்லூரிப் பணி ஆசை என்று எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.எஸ்சி.யில் தேர்ச்சிக்கு 50 போதும். மேல்நிலைப் பள்ளி முதுநிலை ஆசிரியர் தகுதிக்கும் 50 விழுக்காடுதான். ஆனால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 விழுக்காடும், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். கணிதத்துக்கான நெட், கலைப் பாடங்களுக்குரிய நெட் அல்ல; சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கணித அறிவியல் என்ற பிரிவில் எழுத வேண்டும். முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் மானியக் குழுவின் 2022 விதிமுறை 55 விழுக்காட்டையே கேட்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இங்கே நம் மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை அப்படியே நெட் தேர்வுக்குக் காட்ட முடியாது; உங்கள் சமூகம் மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் பயன்பாட்டுக்கான ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். தளர்வு இருக்கிறதே என்று 50-ஐ இலக்காக வைத்துப் படிக்காதீர்கள். முதல் செமஸ்டரில் 52 எடுத்தவர் பிறகு மொத்தத்தை 55-க்கு மேலே இழுத்துவர மிகவும் சிரமப்படுவார். தேறிய பாடத்தின் இன்டர்னலை மீண்டும் உயர்த்திக்கொள்ளப் பொதுவாக வழி கிடையாது.

பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளிகளான கிரெடிட் கணக்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நான்கு செமஸ்டர்களிலும் சேர்த்துச் சுமார் 90 கிரெடிட், அதில் முதன்மைப் பாடங்களோடு விருப்பப் பாடம், பிற துறைப் பாடம், புராஜெக்ட் போன்றவையும் உண்டு. பிற துறைப் பாடத்தையும் மனித உரிமைகள் போன்ற பொதுப் பாடத்தையும் அலட்சியமாக விட்டுவிட்டு, கணிதம் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு வாங்கியும் பட்டம் கைக்கு வராமல் நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம்.

திருமணத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு விதிகளில் ஓரளவு இடம் இருக்கிறது. ஒரு படிப்புக்குக் குறிக்கப்பட்ட காலத்துக்கு மேல் 2 ஆண்டுகள் வரை அதை முடிக்க அவகாசம் தரலாம் என்றும், விதிவிலக்கான நிலையில் மேலும் ஓராண்டு தரலாம் என்றும் மானியக் குழு 2015-இல் வழிகாட்டியது; எனவே இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.யை முடிக்கப் பொதுவாக நான்கு ஆண்டு கிடைக்கும். இதை உங்கள் பல்கலைக்கழகம் எப்படி வைத்திருக்கிறது என்பது விதிமுறைத் தொகுப்பில் இருக்கும். மகப்பேறு வந்தால், முதுநிலை மாணவியருக்கு வருகையிலும் தேர்வு விண்ணப்பத் தேதியிலும் தளர்வு தரத் தக்க விதிகளை வகுக்குமாறு எல்லா உயர்கல்வி நிறுவனங்களையும் மானியக் குழு 2021 டிசம்பரில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை வாயால் கேட்காமல், மருத்துவச் சான்றோடு துறைத்தலைவர் வழியாக எழுதிக் கேளுங்கள். சலுகை உண்டு என்பதாலேயே அது தானாக வந்து சேர்ந்துவிடாது.

நடுவில் நிற்க வேண்டி வந்தால் எப்படி நிற்பது என்பதுதான் முக்கியம். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தியவரின் பெயர், சில வாரங்களில் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அப்படி நீக்கப்பட்டவர் மீண்டும் சேர்வதற்கும், எழுதிக் கொடுத்து விலகியவர் மீண்டும் சேர்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. ஒரு செமஸ்டரின் தேர்வை எழுதி முடித்த பிறகு, அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் இடைவேளை எடுப்பதே நல்லது. நடுச் செமஸ்டரில் விலகினால் அந்தச் செமஸ்டர் முழுவதும் வீணாகும். இடையில் பாடத்திட்டம் மாறியிருந்தால், திரும்பி வரும்போது புதிய திட்டத்தில் சேர்க்கப்பட்டு, இணையான சில பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டி வரலாம். தமிழ்நாட்டில் 2023-24-இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிப் பல பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தை மாற்றியபோது இப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்பை முடிக்க வேண்டும் என்பதை இப்போதே பேசிவைப்பது நல்லது என்பது விதிமுறை ஆலோசனைக்கு அப்பாற்பட்ட விஷயம்; ஆனாலும் சொல்கிறேன்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமை குறித்து நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும், பயிற்று மொழியைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதால் அது உங்கள் மனத்தில் இருக்கிறது என்று கொள்கிறேன். 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் திருத்தப்பட்ட பிறகு, பணிக்குக் குறிக்கப்பட்ட கல்வித்தகுதி வரை, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. கணிதம் பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே நடப்பதால், முதுநிலையைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் இந்த முன்னுரிமையை நீங்கள் கோர முடியாமல் போகலாம். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் உங்கள் பி.எஸ்சி. வரையிலான சான்று போதும். அதன் பிறகு எந்த வழியில் படித்தீர்கள் என்பது அதைப் பாதிக்காது. அந்தச் சான்றைப் பள்ளியிலிருந்தும் திருப்பத்தூர்க் கல்லூரியிலிருந்தும், உங்களைத் தெரிந்த அலுவலர்கள் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

சேர்க்கைக்கான ஆவணங்களில் உங்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. திருப்பத்தூர்க் கல்லூரி வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது; கிருஷ்ணகிரிக் கல்லூரி சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஊத்தங்கரையில் நின்று பார்த்தால் திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் இரு கை தூரம்தான். பல்கலைக்கழகக் கணக்கில் அவை வேறு வேறு எல்லை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நான்கும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தவை என்பதால், 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லையும் அப்படியே அமைந்தது. ஆகவே மாற்றுச் சான்றிதழ், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு, நீங்கள் இடம்பெயர்வுச் சான்றிதழையும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்றுத் தர வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, பெங்களூருப் பக்கம் படித்துவிட்டு வரும் ஓசூர் மாணவர்களிடம் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தனியார் கல்லூரிக்கு முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்பதை எழுதவில்லை. கொடுத்திருந்தால், மானியக் குழுவின் 2018 அறிவிக்கை உங்களுக்குத் துணை. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு முன்போ விலகினால், அதிகபட்சம் 5 விழுக்காடு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகு கடைசித் தேதி வரை 90 விழுக்காடும், கடைசித் தேதி கடந்த முதல் பதினைந்து நாளுக்குள் 80-உம், முப்பது நாளுக்குள் 50-உம் திரும்பக் கிடைக்கும். அசல் மதிப்பெண் பட்டியல்களையும் பட்டச் சான்றிதழையும் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. பணம் கட்டினால்தான் தருவோம் என்று அவற்றைப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை. விலகல் கடிதத்தைத் தேதியிட்டு, பதிவஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரிந்தவர் மூலமாகக் கேட்டு வாங்க முயல வேண்டாம்.

அரசுக் கல்லூரியில் சேர உங்களுக்குக் குறித்திருக்கும் தேதிக்குள் வீட்டில் முடிவெடுக்க முடியாது என்று தோன்றினால், அந்தத் தேதி வரை காத்திருக்காமல், இடம்பெயர்வுச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்தாலும் வேறொரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தாலும் அது பயன்படும். அது கைக்கு வரத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆகும்.